புதுமுகக் காப்பாளருக்குக் காயம்: இரண்டாமவரை மூன்று கிழமையில் தயார்படுத்துவது எப்படி? அமெரிக்கக் குவாட்டர்பாக் முறை அறிந்தவர்களிடம் ஒரு கேள்வி

முல்லைக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தின் கரையோரப் பாடசாலை ஒன்றில் 18 வயதிற்குட்பட்டோர் உதைபந்தாட்ட அணிக்குப் பயிற்சி அளித்து வருகின்றேன். எங்கள் கோல் காப்பாளர் தரம் 11 மாணவன். இந்த ஆண்டுதான் அணிக்குள் வந்தான். வந்த வேகத்திலேயே முதலிடத்தைப் பிடித்துக்கொண்டான். வலயமட்ட இறுதிப் போட்டியில் மூலை உதை ஒன்றைப் பிடித்து விழுந்தபோது எதிரணி வீரர் ஒருவரின் சப்பாத்து கையில் பட்டு, வலக்கை மோதிர விரல் எலும்பு வெடித்துவிட்டது. ஆறு கிழமைக்குப் பந்தைத் தொடவே கூடாது என்று வைத்தியர் சொல்லியிருக்கின்றார். மாகாணமட்டப் போட்டிக்கு இருப்பதோ மூன்று கிழமை.

இரண்டாவது காப்பாளன் உயர்தர இறுதியாண்டு மாணவன். மூன்று ஆண்டுகள் வாங்கில் இருந்தவன். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, ஒரு பயிற்சிக்கும் பிந்தி வந்ததில்லை. உயரம் குறைவு. ஆனால் காலால் பந்தைக் கையாளும் திறமை முதலாமவனை விட நன்று. இவ்வளவு தெரிந்தும், முதல் அணியின் பின்வரிசையோடு சேர்த்து அவனைத் தொடர்ச்சியாகப் பத்து நிமிடம்கூட நான் விளையாட விட்டதில்லை என்பதை இப்போதுதான் உணர்கின்றேன். பந்து பொறுக்கிக் கொடுப்பதற்கும், முன்வரிசையினர் கோலுக்கு அடித்துப் பழகுவதற்கும்தான் அவனைப் பயன்படுத்தினேன். இது என் பிழை. இரவில் படுத்தால் இதுவே நினைவாக இருக்கின்றது.

பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் வீரரான குவாட்டர்பாக்கைப் பற்றிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. கனடாவில் இருக்கும் என் மைத்துனர் அமெரிக்க உதைபந்தாட்டத்தைத் தவறாமல் பார்ப்பவர். நடந்ததைச் சொன்னதும், "உங்கட காப்பாளர் மாதிரித்தான் இங்கே குவாட்டர்பாக்கும். மற்றப் பல இடங்களில் ஆளை மாற்றி மாற்றி விடுவார்கள், அந்த இடத்தில் ஒருவன்தான். அதனால் இரண்டாமவனைத் தயாராக வைத்திருப்பதையே அவர்கள் ஒரு தனி வேலையாகச் செய்கின்றார்கள்" என்றார். அதற்கு மேல் விளக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை. புதுமுக வீரர் காயப்பட்டு இரண்டாமவர் இறங்கும்போது அங்கே உண்மையில் என்ன செய்கின்றார்கள்? அதில் எதை எங்கள் மைதானத்திற்குக் கொண்டுவரலாம்?

இன்னொரு சிக்கலும் இருக்கின்றது. விரலுக்குப் பட்டி சுற்றி முதலாமவனையே இறக்கலாம் என்று பழைய மாணவர்கள் சிலர் என்னை நெருக்குகின்றார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதற்கும் உங்கள் கருத்தை எதிர்பார்க்கின்றேன்.

இரணைமடு:

வணக்கம் சேர். பல ஆண்டுகள் ரொறன்ரோவில் வாழ்ந்துவிட்டு இப்போது கிளிநொச்சியில் தோட்டம் செய்கின்றேன். அங்கே இருந்த காலத்தில் மாரி மாத ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு இந்த விளையாட்டோடுதான் கழிந்தன. ஆகவே தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகின்றேன்.

முதலில், நீங்கள் உங்கள் பிழை என்று எழுதியது அங்கேயும் வழக்கமான நடைமுறைதான். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எவ்.எல். அணிகளில் கிழமை நடுவில் நடக்கும் பயிற்சிகளில் முதல் அணியோடு ஆடும் வாய்ப்பின் பெரும்பகுதி தொடக்க வீரருக்கே போகும். இரண்டாவது குவாட்டர்பாக் அந்த நேரத்தில் வரப்போகும் எதிரணியின் குவாட்டர்பாக்கைப் போல நடித்து, தன் அணியின் தடுப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருப்பார். தன் அணியின் ஆட்டத்தை அவர் கூட்டத்தில் படிக்கின்றார், ஏட்டில் எழுதுகின்றார், வீடியோவில் பார்க்கின்றார். கையால் செய்து பார்ப்பது மிகக் குறைவு. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டியிருக்கும்.

அப்படிப் போகும்போது முதலில் கெடுவது பெரிய திட்டங்கள் அல்ல. மிகச் சிறிய ஒரு கைமாற்றம். போட்டிக்குள் அநேகமாக ஒவ்வொரு நகர்வும் சென்ரர் என்ற வீரர் தன் கால்களுக்கு இடையால் பந்தைப் பின்னே அனுப்புவதில் தொடங்குகின்றது. அதை ஸ்னாப் என்பார்கள். குவாட்டர்பாக்கின் குரலுக்கு எப்போது பந்து வர வேண்டும், எந்த உயரத்தில் வர வேண்டும், எவ்வளவு வேகத்தில் வர வேண்டும் என்பது இருவரும் நாள்தோறும் சேர்ந்து பழகிய விடயம். ஆள் மாறினால் குரலின் தாளமும் மாறும்.

இதை நான் கண்ணால் கண்டது 2023 ஜனவரி 29 அன்று, பிலடெல்பியாவில் நடந்த போட்டியின் ஒளிபரப்பில். சான் பிரான்சிஸ்கோ அணியின் குவாட்டர்பாக் புரொக் பேர்டி அப்போது முதலாண்டு வீரர். அணிகள் புது வீரர்களை முறைவைத்து எடுக்கும் 2022 ஆம் ஆண்டுத் தெரிவில் 262 ஆவதாக, எல்லோருக்கும் கடைசியாக எடுக்கப்பட்டவர். அவருக்கு முன்னால் இருந்த இருவர் அந்தப் பருவத்திலேயே அடுத்தடுத்துக் காயப்பட்டதால் தொடக்க வீரராகி, அணியை மாநாட்டு (லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றின்) இறுதிப்போட்டிவரை கொண்டுவந்தவர். அந்தப் போட்டியில் தன் அணி பந்தை எடுத்த முதல் முறையிலேயே, பந்தை எறியக் கையை உயர்த்திய நேரத்தில் ஹாசன் ரெடிக் என்ற தடுப்பாளர் அடித்ததால் அவருடைய முழங்கைத் தசைநார் கிழிந்தது. உள்ளே வந்தவர் ஜொஷ் ஜோன்சன். 36 வயது, பல அணிகளைப் பார்த்த, அனுபவம் மிக்க மனிதர், ஆனால் அந்த அணிக்கு வந்து சேர்ந்தது டிசம்பரில்தான். முதற்பாதி முடியும் தறுவாயில் ஒரு ஸ்னாப் அவருடைய கைகளுக்குள் நிற்காமல் நழுவியது. எதிரணி அதை எடுத்து அடுத்த சில நிமிடங்களுக்குள் புள்ளியாக்கியது. அவருக்கு எறியத் தெரியாமலோ ஆட்டம் விளங்காமலோ அது நடக்கவில்லை. அந்தச் சென்ரரோடு அந்தக் கைமாற்றத்தைச் செய்து பழகப் போதிய நேரம் கிடைத்திருக்கவில்லை என்பதே என் கணிப்பு.

உங்கள் மைதானத்தில் ஸ்னாப் என்பது எது என்று நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். என் கண்ணுக்குத் தெரிவது இரண்டு: பின்வரிசை வீரர் காப்பாளருக்குத் திருப்பி உதைக்கும் பந்து, மூலை உதையில் யார் போவது என்ற தீர்மானம். இந்த மூன்று கிழமையும் அந்த நான்கு பின்வரிசைப் பிள்ளைகளோடு இரண்டாமவனை ஒன்றாகவே வைத்திருங்கள். பயிற்சியின் முதல் அரைமணி நேரம் அவர்கள் ஐவருக்கு மட்டுமே உரியதாகட்டும்.

அடுத்தது, ஆளுக்கு ஏற்ப ஆட்டத்தை மாற்றுவது. 2023 இல் இண்டியானாபொலிஸ் அணி அன்ரனி ரிச்சர்ட்சன் என்ற முதலாண்டு வீரரை நம்பித் தொடங்கியது. நல்ல உயரம், பலம், ஓட்டம். ஒக்டோபர் மாதம் தோளில் காயப்பட்டு அவர் அந்தப் பருவம் முழுவதும் வெளியே இருக்க நேர்ந்தது. கார்ட்னர் மின்ஷூ இறங்கினார். ரிச்சர்ட்சனுக்காக வைத்திருந்த ஓட்டங்களை இவரைக்கொண்டு ஓடச் சொல்லிப் பயனில்லை. ஆனால் பந்தை விரைவாகக் கைவிட்டு எறிவதில் இவர் கைகாரர். பயிற்றுநர் ஷேன் ஸ்ரைக்கனோடு முன்னரே பிலடெல்பியாவில் இருந்ததால் அவருடைய முறையும் பழக்கமானது. மின்ஷூ தொடங்கிய 13 போட்டிகளில் அணி ஏழில் வென்றது. பருவத்தின் கடைசிப் போட்டிவரை அடுத்த சுற்று வாய்ப்பு கையில் இருந்தது. உங்கள் மாணவனுக்குக் கால் நன்று என்கின்றீர்கள். அப்படியானால் கோல் உதையை நடுக்கோடு தாண்டி அடிக்கச் சொல்லாமல், பக்கத்தில் நிற்கும் பின்வரிசை வீரருக்குக் கொடுத்து ஆட்டத்தைக் கட்டுங்கள். உயரம் குறைவு என்றால் உங்கள் பின்வரிசை பெட்டிக்குள் பதுங்காமல் சற்று மேலே ஏறி நிற்கட்டும். உயரப் பந்து பெட்டிக்குள் வந்து விழுவதே குறையும்.

இன்னும் ஒன்று. ஜோன்சனும் அந்தப் பிலடெல்பியாப் போட்டியில் தலையில் அடிபட்டு மூன்றாம் காற்பகுதியில் வெளியேறினார். பிறகு எறிய முடியாத கையோடு பேர்டியே திரும்பி வந்து நின்றார்; அணி 31–7 என்று தோற்றது. மூன்றாவது குவாட்டர்பாக்கை அவசரத்துக்கு வைத்திருக்கும் விதி 1991 முதல் 2010 வரை இருந்து கைவிடப்பட்டிருந்தது. இந்தத் தோல்விக்குப் பிறகு 2023 மே மாதம் அதை மீண்டும் கொண்டுவந்தார்கள். உங்களிடம் மூன்றாவது காப்பாளன் யார் என்று இன்றே தீர்மானியுங்கள்.

மன்னார்ப் பழைய காப்பாளர்:

நான் குவாட்டர்பாக் அறியேன். ஆனால் கோலுக்குள் நின்று பதினைந்து வருடம் விழுந்து எழும்பியவன் என்ற முறையில் எழுதுகின்றேன்.

இரணைமடுத் தம்பி சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கின்றேன். பின்வரிசையை மேலே ஏற்றும் யோசனையை மட்டும் அப்படியே ஏற்க முடியவில்லை. பின்வரிசை மேலே ஏறினால் அதன் முதுகுக்குப் பின்னால் வெறும் நிலம் திறக்கும். அந்த நிலத்துக்கு ஓடி வந்து பந்தை அடிக்க வேண்டியவன் காப்பாளன்தான். மூன்று வருடம் போட்டி ஆடாதவனுக்கு மிகக் கடினமான தீர்மானம் அதுவே: போவதா, நிற்பதா. அரைமனதோடு நான்கு அடி வந்து நின்றுவிடுவான். தலைக்கு மேலால் பந்து போகும். அதிலும் உங்கள் கரையோர மைதானத்தில் சோளகக் காற்று அடிக்கும் மாலை நேரத்தில் பந்து எங்கே விழும் என்று பழகியவனுக்கே தெரியாது. முதல் போட்டியிலாவது பின்வரிசை நடுத்தரமான இடத்தில் நிற்கட்டும். அவன் நாலு பந்தைப் பிடித்து நெஞ்சு ஆறிய பிறகு மேலே ஏற்றலாம்.

இனிக் கையுறை. சேர், இதைக் கேட்பதற்கு மன்னிக்க வேண்டும்: உங்கள் பாடசாலையில் எத்தனை சோடி இருக்கின்றது? எங்கள் காலத்தில் ஒன்றுதான். முதலாமவன் காயப்பட்டால் அவனுடைய வியர்வை காயாத கையுறையை மற்றவன் மாட்டிக்கொண்டு ஓடுவான். உயரமான பையனின் கையுறை கட்டையான பையனுக்கு விரல் நுனியில் அரை அங்குலம் வெறுமையாக நிற்கும். பந்து அந்த வெறுமையில் பட்டால் மடங்கி உள்ளே போகுமே தவிர வெளியே தட்டுப்படாது. எனக்கு இப்படி ஒரு கோல் போனது. 40 வருடமாகியும் அந்த விரல் நுனி மடங்கிய உணர்வு கையில் இருக்கின்றது. அவனுடைய அளவுக்கு ஒரு சோடி வாங்கி, இன்றே கொடுத்து, மூன்று கிழமையும் அதோடு பயிற்சி செய்யச் சொல்லுங்கள். போட்டியன்று புதிதாகக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது குரல். வாங்கில் இருந்து பழகிய பிள்ளைக்குக் கத்தக் கூச்சமாக இருக்கும். முதலாமவன் அங்கே நிற்க, அவனுடைய நண்பர்களைப் பார்த்து "விடு, என்ர பந்து!" என்று கத்துவதற்கு ஓர் உரிமை வேண்டும். அந்த உரிமையை நீங்கள்தான் எல்லோருக்கும் முன்னால் கொடுக்க வேண்டும். "இந்தப் போட்டிகளில் இவன்தான் காப்பாளன், இவன் சொன்னால் விலக வேண்டும்" என்று பின்வரிசையைக் கூப்பிட்டு ஒரு தரம் சொல்லுங்கள். "முதலாமவன் வரும்வரைக்கும் சமாளி" என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்ட காப்பாளன் பந்து பிடிக்கப் போகமாட்டான், கோல் வாங்காமல் இருக்கவே பார்ப்பான்.

குவாட்டர்பாக் கதைக்கு ஈடாக எங்கள் விளையாட்டிலும் ஒன்று உண்டு. 1990 உலகக் கிண்ணத்தில் ஆர்ஜென்ரீனாவின் காப்பாளர் நெரி பும்பிடோ, சோவியத் ஒன்றியத்திற்கு எதிரான போட்டியின் தொடக்கத்திலேயே கால் முறிந்து வெளியேறினார். 1986 இல் கிண்ணம் வென்ற அணியின் காப்பாளர் அவர். பதிலாக வந்த செர்ஜியோ கொய்கொச்சியா, காலிறுதியில் யூகோஸ்லாவியாவுக்கும் அரையிறுதியில் இத்தாலிக்கும் எதிராகத் தண்ட உதைகளைத் தடுத்து அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனார். ஆகவே சேர், மாகாணமட்டப் போட்டி சமநிலையில் முடிந்தால் தண்ட உதைக்குப் போகும் என்பதையும் மனதில் வைத்து, ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும், பிள்ளை களைத்த பிறகு, ஐந்து தண்ட உதைக்கு அவனை நிறுத்துங்கள்.

வவுனியா இயன்மருத்துவர்:

மற்ற இருவரும் இரண்டாவது மாணவனைப் பற்றி எழுதிவிட்டதால், காயப்பட்ட பிள்ளையைப் பற்றி மட்டும் எழுதுகின்றேன்.

பட்டி சுற்றி இறக்கலாம் என்று சொல்பவர்களுக்குக் காட்ட குவாட்டர்பாக் வரலாற்றிலேயே தெளிவான ஓர் உதாரணம் இருக்கின்றது. 2012 இல் வொஷிங்டன் அணி, அந்த ஆண்டுத் தெரிவில் இரண்டாவதாக எடுத்த ரொபேர்ட் கிரிஃபினைத் தொடக்க வீரராக நிறுத்தியது. அதே தெரிவில் நான்காவது சுற்றில் கேர்க் கசின்ஸையும் எடுத்து வைத்திருந்தார்கள். டிசம்பர் 9 அன்று பால்டிமோருக்கு எதிரான போட்டியின் இறுதிக் கட்டத்தில் கிரிஃபினின் வலது முழங்கால் வெளிப்பக்கத் தசைநாரில் காயம் ஏற்பட்டது. வாங்கிலிருந்து வந்த கசின்ஸ், 29 வினாடிகள் மீதியிருக்கையில் புள்ளி பெற்றுத்தரும் பந்தொன்றை எறிந்து, அடுத்து வந்த இரண்டு புள்ளி வாய்ப்பில் தானே ஓடி உள்ளே நுழைந்து ஆட்டத்தைச் சமப்படுத்தினார். மேலதிக நேரத்தில் அணி வென்றது. அடுத்த கிழமை கிளீவ்லன்டில் முதல் தடவையாகத் தொடக்க வீரராக இறங்கி எறிதல்களால் மொத்தம் 329 யார் தூரம் பெற்று, 38–21 என்று வென்று கொடுத்தார்.

இப்படி ஒருவர் கையில் இருந்தும், அதற்கடுத்த கிழமையே கிரிஃபின் முழங்காலில் தாங்கு கவசத்தோடு திரும்பி வந்தார். 2013 ஜனவரி 6 அன்று சியாட்டிலுக்கு எதிரான போட்டியில் அணி 14–0 என்று முன்னிலை பெற்றது. ஆனால் முதல் காற்பகுதியிலேயே அவர் நொண்டத் தொடங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். பார்த்தும் வெளியே எடுக்கவில்லை. நான்காவது காற்பகுதியில், தாழ்வாக வந்த ஒரு ஸ்னாப்பை எடுக்கத் திரும்பியபோது அந்த முழங்கால் மடங்கிப்போனது. அணி 24–14 என்று தோற்றது. சில நாட்களில், முன்பு பல்கலைக்கழகக் காலத்தில் ஒருமுறை சீர்செய்யப்பட்ட அதே முழங்காலில், இரண்டு தசைநார்களுக்குச் சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்தது. முதலாண்டில் ஆடிய ஆட்டத்தை அவர் பிறகு ஆடவேயில்லை.

விரல் முழங்கால் அல்ல என்று சொல்வார்கள். வெளியே ஓடும் வீரனுக்கு அது ஓரளவு பொருந்தும். பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆடுபவர்கள் உண்டு. காப்பாளனுக்குப் பந்தின் முழு வேகமும் விரல்களில்தான் இறங்குகின்றது. முழுமையாகப் பொருந்தாத எலும்பு அப்போது விலகலாம், திரும்பியபடி பொருந்தலாம். விரல் திரும்பிப் பொருந்தினால் கையைப் பொத்தும்போது அது மற்ற விரலுக்கு மேல் ஏறி நிற்கும். அது வலது கை. அந்தப் பிள்ளை தரம் 11. சாதாரண தரப் பரீட்சையில் பேனா பிடிக்கப்போகும் கையும் அதுதான். பழைய மாணவர்களிடம் இதைச் சொல்லுங்கள். பிள்ளையின் பெற்றோரையும் கூப்பிட்டு, வைத்தியர் எழுதிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு அவர்கள் முன்னிலையில் சொல்லுங்கள்.

ஆறு கிழமை என்பது எலும்புக்கான காலம். அதன் பிறகு விறைத்த மூட்டை மடக்கி நிமிர்த்தி, பிடியின் பலத்தை மீட்க இன்னும் சில கிழமைகள் எடுக்கும். அந்தக் காலம் முழுவதும் பிள்ளையின் கால்களுக்கு ஓய்வு தேவையில்லை. ஓட்டமும் காலடி வேலையும் செய்யலாம், விழுந்து கையூன்றும் ஆபத்துள்ள எதையும் செய்யக்கூடாது.

முல்லைக்கரை:

மூவருக்கும் நன்றி. பதில்களை அச்சிட்டு எடுத்துக்கொண்டு நேற்றுப் பயிற்சிக்குப் போனேன்.

இயன்மருத்துவர் சொன்னபடி காயப்பட்ட மாணவனின் தாயாரைச் சந்தித்தேன். பரீட்சையைப் பற்றி நான் வாய் திறக்க முன்னரே, பிள்ளை இடக்கையால் எழுதிப் பழகிய கொப்பியை எடுத்து வந்து காட்டினார். கோணல் மாணலாக ஒரு பக்கம் முழுவதும் தன் பெயரையே எழுதியிருந்தான். பழைய மாணவர்களுக்கு அன்றிரவே தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டேன். ஒருவர் கோபித்துக்கொண்டார், மற்றவர்கள் விளங்கிக்கொண்டார்கள்.

கையுறை விடயத்தில் மன்னார் ஐயா நேரில் பார்த்தது போல எழுதியிருக்கின்றார். ஒரே சோடிதான், நேற்று இரண்டாமவனுக்கு மாட்டிப் பார்த்தபோது நடுவிரலில் அந்த வெறுமை அப்படியே நின்றது. கோபித்துக்கொண்ட அதே பழைய மாணவர் இன்று காலை அழைத்து, முல்லைத்தீவு நகரில் அவனுடைய அளவுக்கு வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கின்றார்.

முதல் அரைமணி நேரத்தை ஐவருக்கு மட்டும் என்று ஒதுக்கினேன். முதல் பத்து நிமிடம் இரண்டாமவனின் குரல் எனக்கே கேட்கவில்லை. பின்வரிசையைக் கூப்பிட்டு, ஐயா எழுதிய வார்த்தைகளையே சொன்னேன். அதன் பிறகு வந்த மூலை உதைகளில் மூன்றுக்குக் கத்தினான். இரண்டைப் பிடித்தான், ஒன்றை விட்டான். விட்டதற்குப் பிறகும் அடுத்ததற்குக் கத்தினான். காயப்பட்டவன் கோலுக்குப் பின்னால் நின்று, எந்த உதைக்கு எத்தனை அடி முன்னே வந்தான் என்று எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தான். அதை நான் கேட்டுச் செய்விக்கவில்லை.

பின்வரிசையை எவ்வளவு மேலே ஏற்றுவது என்பதில் ஐயாவின் சொல்லைப் பின்பற்றுகின்றேன். மூன்றாவது காப்பாளனாக நடுக்கள வீரன் ஒருவனைத் தெரிந்திருக்கின்றேன். கரப்பந்தாட்டம் ஆடுபவன், கைகள் பயமில்லாமல் மேலே போகின்றன. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, காற்று எழும்ப முன்னர், அவனுக்கும் சேர்த்துப் பயிற்சி வைத்திருக்கின்றேன். அன்று மாலை சோளகம் அடிக்கும் நேரத்திலும் இரண்டாமவனை ஒருமுறை உயரப் பந்துகளுக்கு நிறுத்திப் பார்க்கப் போகின்றேன்.